கமெண்ட்ரி சொல்றவருக்கு ஆட்டம் தெரியணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐபிஎல் வந்தாலே தமிழ் கமெண்ட்ரி எதுக்கு, வெறும் காமெடிதானேன்னு ஒரு பேச்சு கிளம்பிடுது. அப்படி பேசறவங்க அமெரிக்காவுல பேஸ்பால் கமெண்ட்ரி சொன்ன ஹைமே ஹரீன் கதைய கேக்கணும்.

அவரு ஈக்வடார்காரர். 1955ல லாஸ் ஏஞ்சலஸ் வந்து எறங்கற வரைக்கும் பேஸ்பால் மேட்ச் ஒண்ணு கூட பார்த்ததில்ல. 1958ல டாட்ஜர்ஸ்ங்கற பேஸ்பால் டீம் அந்த ஊருக்கு வந்துச்சு, இவரு வேலை பார்த்த ஸ்பானிஷ் ரேடியோவுக்கு மேட்ச் சொல்ற சான்ஸ் கிடைச்சுது, ஆனா மனுஷன் உடனே மைக்க புடிக்கல, முதல்ல ஆட்டத்த கத்துக்கறேன்னு டைம் வாங்கிக்கிட்டு 1959லதான் ஆரம்பிச்சாரு. ஆரம்ப வருஷங்கள்ல வெளியூர் மேட்ச்சுக்கெல்லாம் போக மாட்டாரு, ஸ்டுடியோவுல உக்காந்து டாட்ஜர்ஸோட இங்கிலீஷ் கமெண்ட்ரிக்காரர் வின் ஸ்கல்லி சொல்றத காதுல வாங்கி அப்பவே ஸ்பானிஷ்ல சொல்லணும், நெனச்சு பாருங்க, கண்ணால பாக்காத ஆட்டம்!

அந்த ஸ்கல்லியும் லேசுப்பட்ட ஆளு இல்ல. 67 சீசன், பெரும்பாலும் தனி ஆளாவே சொன்னவரு. 1974ல ஹேங்க் ஆரன்ங்கற ஆட்டக்காரர் 715வது ஹோம் ரன், நம்ம சிக்ஸ் மாதிரி, அடிச்சு பழைய சாதனைய முறியடிச்சப்போ வாய மூடிக்கிட்டு கூட்டம் கத்தறத கேக்க விட்டாரு. இங்க சிக்ஸ் போனா பாக்ஸ்ல இருக்கறவங்களே கத்தறாங்க, ஸ்டேடியம் சத்தம் எங்க காதுக்கு வர்றதே இல்ல.

1981ல மெக்சிகோ பையன் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா பௌலிங்ல, அவங்க பாஷையில பிட்சிங், கலக்கினப்போ அவருக்கு இங்கிலீஷ் வராது, பிரஸ்மீட்ல பக்கத்துல உக்காந்து பேசினது ஹரீன்தான். ஹரீனுக்கு 1998ல பேஸ்பால் கமெண்ட்ரிக்கான பெரிய விருதான ஃபோர்ட் ஃப்ரிக் விருது, 2022ல ரிட்டயர், மொத்தம் 64 சீசன்.

நம்ம கிட்டயும் ஆளு இல்லாம இல்ல, வானொலில அப்துல் ஜப்பார் தமிழ்ல சொல்லி கேட்டவங்க இன்னும் இருக்காங்க. இப்ப குடியாத்தத்துல எங்க தெருவுல பீடி சுத்தற அக்காங்க டிவிய போட்டுட்டு கேட்டுக்கிட்டே வேலை பாக்கறாங்க, கண்ணு முறத்துலதான் இருக்கும். கமெண்ட்ரில ஒருத்தர் பிரியாணி கதை சொல்லிட்டு இருக்கும்போதே விக்கெட் விழுந்துடுது, யாரு அவுட்டுன்னு கேட்டா வீட்டுல ஒருத்தர் எழுந்து போய் ஸ்கிரீன பாத்து சொல்ல வேண்டியிருக்கு. இதுக்கு தமிழ் மேல பழி போட்டா எப்படி?

பந்து எங்க போச்சு, யாரு புடிச்சா, ஓவர் முடிஞ்சா ஸ்கோர் என்ன, இத மொதல்ல சொல்லிட்டு கதைய அப்புறம் வச்சுக்கங்கன்னு உங்க விளையாட்டு பக்கத்துல அந்த சேனல்காரங்களுக்கு எட்டற மாதிரி எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்