அண்ணனுக்கு: நான் கையெழுத்துப் போடவில்லை

அண்ணா,

மண்டபத்திலிருந்து கடிதம் வந்தது. நீ செய்து அங்கே முன்னால் நிற்கும் சிலைக்கு, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அந்தப் பெண்ணுக்கு, தங்க நிறம் பூசப் போகிறார்களாம். நீ ஊரில், இந்தச் சுங்கை சிப்புட்டில், இல்லாததால் வீட்டில் ஒருவர் கையெழுத்து வேண்டுமாம். முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் முடிவெடுத்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருப்பேன், நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன்.

அவளுடைய தோளிலும் முதுகிலும் பழுப்புக் கறை. எவர்சில்வர் என்று சொல்லி ஏமாற்றிவிட்டான் என்கிறார்கள். அது எவர்சில்வர்தான். பட்டறையில் கேட்டுக்கும் கிரில்லுக்கும் சாதா இரும்பை அறுத்தபோது பறந்த தூள் அவள்மேல் ஒட்டியிருக்கிறது. மழையில் துருப்பிடிப்பது அந்தத் தூள். அதற்கென்று விற்கும் ஆசிட் பசையைத் தடவிக் கழுவினால் போய்விடும். இரும்புக்கு ஒன்று, இவளுக்கு ஒன்று என்று இரண்டு பட்டறை வைக்க அப்போது நம்மிடம் என்ன இருந்தது? பாக்கிப் பணத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஊரார் படிப்பார்கள், என் மாமியார் வீட்டாரும் படிப்பார்கள்.

அம்மா பட்டறைக்கு வந்த இரவுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. 1877இல் நட்டதில் மிஞ்சிய ரப்பர் மரத்தைக் கோலகங்சார் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, தகட்டை வளைத்து மரம் செய்திருந்தாய். அம்மா பட்டையைத் தடவி நல்லாயிருக்கு என்றார். அப்புறம் சிலையின் கையைப் பார்த்தார். "இப்படி வெட்டினா பால் மங்குக்கு வராதுடா." மங்கு என்றால் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம். சாக்கட்டியை வாங்கி, இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே ஒரு கோடு இழுத்தார். முப்பது டிகிரி சரிவு, அளவுகோல் இல்லாமல். பால்குழாய்கள் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால் அப்படி வெட்டினால்தான் நிறைய குழாய் அறுபடும் என்று நீ பிறகு படித்துச் சொன்னாய். அம்மாவுக்கு அது கை அறிந்த கணக்கு. இருட்டு விலகுமுன் ரப்பர் மர நிரையில் நின்று, வெயில் ஏறிப் பால் உறைவதற்குள் வெட்டி முடித்த கை.

நீ ஒரு வார்த்தை பேசவில்லை. சிலையின் மணிக்கட்டை அறுத்தெடுத்தாய். நான் டார்ச் பிடித்தேன், அம்மா முழங்கையைத் தாங்கினார். விடியும்போது கை சரியான இடத்தில் இருந்தது. பற்றவைத்த தழும்பை மட்டும் நீ தேய்க்கவில்லை.

அம்மாவை அழைத்து வந்து உன் வேலையைக் கெடுத்தேன் என்று அன்று சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. இப்போது சுற்றிலும் ரப்பர் இல்லை, எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைதான். மண்டபத்துக்கு வரும் பிள்ளைகள் பால்வெட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தப்பான வெட்டைக் காட்டியிருப்பாயா?

தங்க நிறம் பூசினால் அந்தத் தழும்பு மறைந்துவிடும். அதனால்தான் மாட்டேன் என்றேன்.

அம்மா கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் மண்டபத்து முன்னால் காரை நிறுத்தச் சொல்கிறார். நீ எப்போது வருவாய் என்று கேட்கிறார், பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பசையை நான் வாங்கி வைக்கிறேன். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பது உனக்குத்தான் தெரியும். தீபாவளிக்கு முன் வந்து கழுவிக் கொடு. வேறு யாரையும் அவள் முதுகில் கைவைக்க விடமாட்டேன்.

உன் தங்கை