சித்தன்னவாசலில் தொடங்கட்டும் ஓவியப் பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் ஓவியத்தின் அடிப்படைக் கூறுகளான கோடு, வடிவம், நிறம், வெளி, மேற்பரப்பின் தன்மை ஆகியவை பெரும்பாலும் மனப்பாடம் செய்ய வேண்டிய வரையறைகளாகவே கற்பிக்கப்படுகின்றன. அவற்றை ஒரே இடத்தில் காட்டக்கூடிய சான்று புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இருக்கிறது.

சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் விதானத்தில் தீட்டப்பட்டுள்ள தாமரைக் குளத்தில் தொடுவானமோ கரையோ இல்லை. இலைகளும் மலர்களும் மீன்களும் பறவைகளும் யானைகளும் எருமைகளும் ஒன்றையொன்று நெருக்கி நிற்க, அவற்றுக்கிடையே பூக்கொய்யும் மனிதர்கள் தெரிகிறார்கள். தூரத்தைக் காட்டும் கோணவிதிகளைச் சாராமல், உருவங்களை அடுக்கியே வெளியை உணர்த்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. முன்தூண்களில் உள்ள நடன மாதர் உருவங்கள் பெரிதும் சிதைந்துவிட்டன. ஆயினும் எஞ்சியுள்ள புறக்கோடு ஒன்றே இடையின் வளைவையும் கையின் வீச்சையும் சொல்லிவிடுகிறது. நிறம் மங்கிய பின்னும் கோடு நிலைத்திருப்பதை மாணவர்கள் கண்ணால் காணலாம். (அழுத்தி அழுத்தி வண்ணம் பூசினால்தான் மதிப்பெண் என்று நம்பும் பெற்றோரும் உடன் சென்று பார்ப்பது நல்லது.)

நிறங்களைப் பற்றித் தனியே விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு எனச் சிலவற்றைக் கொண்டே முழுக் குளமும் தீட்டப்பட்டுள்ளது.

அனைவராலும் அங்கே செல்ல இயலாது. எனவே, இவ்வோவியங்களின் தெளிவான வண்ணப் படங்களைத் தங்கள் சிறுவர் இணைப்பில் முழுப்பக்க அளவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் ஒருவர்,
திருச்சி.