அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு, எல்லாருக்கும் நன்றி

நேத்து பொழுது சாய அப்பா தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டாரு. விசாரிச்ச எல்லாருக்கும் தனித்தனியா பதில் சொல்ல முடியல, அதான் இங்க எழுதுறேன்.

குடல்ல ஓட்டை விழுந்து ஆப்பரேஷன் பண்ணது வரைக்கும் உங்களுக்கு தெரியும். கழுத்துல பெரிய இரத்த நரம்புக்குள்ள குழாய் போட்டு அது வழியாத்தான் மருந்து, சாப்பாடு எல்லாம். ஒம்பதாவது நாள் திரும்ப காய்ச்சல், அன்டிபயோட்டிக் மாத்தி மாத்தி ஏத்தியும் இறங்கல. பிளட் கல்ச்சர்ல, அதாவது இரத்தத்த போத்தல்ல ஊத்தி கிருமி வளருதான்னு பார்க்குற டெஸ்ட்ல, கன்டிடான்னு ஒரு பங்கஸ். பங்கஸ்னா நமக்கு தெரிஞ்சது மழைல கொழுந்தெடுக்குறவங்க கால்ல வர்ற சேத்துப்புண்தானே, இது இரத்தத்துல! நம்ம குடல்லயே சும்மா கெடக்குறதாம், அன்டிபயோட்டிக் மத்த கிருமிய கொன்னதும் பெருகி குழாய்ல ஒட்டிக்குமாம். தண்ணி வர்ற பீலி குழாய்க்குள்ள பாசி புடிக்குமே, அதே மாதிரி, மருந்து மட்டும் ஊத்துனா போகாது, குழாயவே கழட்டணும்.

லெப்ல நைட் டியூட்டி பார்த்த தம்பிக்குத்தான் மொத நன்றி, போத்தல்ல ஈஸ்ட் (இந்த மாதிரி பங்கஸ்தான்) வளருதுன்னு தெரிஞ்சதும் விடியட்டும்னு இருக்காம வார்டுக்கு போன் போட்டாரு. சின்ன டொக்டர் மிஸ் அப்பவே வந்து குழாய கழட்டிட்டு ஆம்போடெரிசின்னு பங்கஸ் மருந்து ஆரம்பிச்சாங்க, அது ஏறுறப்போ அப்பா கட்டிலோட நடுங்குனாரு, தினமும் கிட்னிக்கு இரத்தம் பார்த்தாங்க. பங்கஸ் என்ன வகைன்னு ரிப்போர்ட் வந்தப்புறம் ஃபுளூகொனசோல்ங்குற இன்னொரு பங்கஸ் மருந்துக்கு மாத்துனாங்க. கல்ச்சர் சுத்தமான நாள்லருந்து 14 நாள் எண்ணனுமாம், நான் கலண்டர்ல கோடு போட்டுக்கிட்டே இருந்தேன். இந்த பங்கஸ் கண்ணுக்குள்ளயும் போகும்னு கண் டொக்டர் வந்து லைட் அடிச்சு பார்த்தாரு, நல்லவேளை ஒண்ணுமில்ல.

முதல்ல இருந்த எடத்துல கழுத்து குழாய் மேல ஒட்டுன பிளாஸ்டர் ஒரு நாள் முழுக்க கழண்டு கெடந்துச்சு, சொல்லியும் யாரும் திரும்பி பார்க்கல. அதனாலதானான்னு தெரியாது, விடுங்க. பிறகு மாத்துன எடத்துல சிங்கள மிஸ்ஸி (நர்ஸ்) ஒவ்வொரு தடவையும் கை கழுவி, குழாயோட மூடிய ஸ்பிரிட் பஞ்சால தேய் தேய்னு தேய்ச்சுட்டுத்தான் ஊசி ஏத்துவாங்க. "தாத்தே, பய வென்ன எபா"ம்பாங்க, பயப்படாதீங்கன்னு அர்த்தம். அவங்க பாஷைல தாத்தான்னா அப்பா, நம்மாளுக்கு புரியல, "எனக்கு இன்னும் பேரனே பொறக்கல"ன்னு மொறைச்சாரு.

அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போனாலும் பரவால்லன்னு மாத்தி மாத்தி தொணைக்கு வந்த மேல் லயத்து அக்காமாருக்கும், ராத்திரி காசு வாங்காம ஓட்டுன த்ரீவீல் அண்ணனுக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. பக்கத்து கட்டில்காரங்களோட நீல மூடி பிளாஸ்க் எங்க பையோட வந்துருச்சு, திங்கக்கிழமை கிளினிக்குக்கு வர்றப்போ கொண்டாறேன்.