துருசு இல்லாத குளம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வார இதழில் வந்த சுவிஸ் பயணக் கட்டுரையை வாசித்தேன். எஷினன் ஏரிக்குக் கேபிள் காரில் ஏறி, படம் எடுத்துக்கொண்டு இறங்கி வரலாம் என்று நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். ஏரியிலிருந்து ஆறு ஒன்று புறப்படுவதாகவும் இருந்தது. அது பிழை. எழுதியவர் நடந்து போயிருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது.

சென்ற ஆவணியில் பேர்ணில் தங்கை வீட்டில் நின்றபோது, பெறாமகள் "பெரியம்மா, நடந்தே ஏறுவம்" என்று கூட்டிப்போனாள். கண்டர்ஷ்டெக் ஊரிலிருந்து 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சந்திக்குச் சந்தி மஞ்சள் பலகை, அதில் தூரம் இல்லை, எவ்வளவு நேர நடை என்றுதான் போட்டிருக்கும். பலகை சொன்னதைவிட எனக்குக் கூட நேரம் பிடித்தது, பரவாயில்லை.

வழியெல்லாம் பாறை. சிலது எங்கள் வீட்டளவு இருக்கும். பாசி பிடித்த ஒரு பாறையின் உச்சியில் ஊசியிலை மரம் முளைத்து, அதன் வேர் கல்லைச் சுற்றிக் கீழே இறங்கி மண்ணைத் தொட்டிருந்தது. மலை இடிந்து விழுந்து பள்ளத்தாக்கை மறித்ததில்தான் ஏரி உண்டானது என்று அவள் சொன்ன பிறகு விளங்கியது, இவ்வளவு நேரமும் நான் ஏறி வந்தது குளக்கட்டில்! எங்கள் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கட்டை 1902 இல் தொடங்கி 1920 வரை மனிதர்கள் கட்டினார்கள், இதை மலையே கட்டியிருக்கிறது. ஆனால் தண்ணீர் திறந்துவிடுகிற துருசும் இல்லை, மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடுகிற வானும் இல்லை. தண்ணீர் அந்தக் கற்குவியலுக்குள்ளால் ஊறிப் போய்க் கீழே ஊற்றாக வருகிறது, ஓடை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொன்று. ஆவணியில் இரணைமடு வற்றி அலைகரையில் மாடு மேயும். அங்கே அந்த மாதம்தான் குளம் நிரம்பி நிற்கிறது, ஏனென்றால் அதற்கு மாரிமழை இல்லை, வெயிலில் உருகும் பனிதான் வரத்து. ஏரி 1,578 மீட்டர் உயரத்தில், நுவரெலியாவைவிடத் தாழ்வாகத்தான் இருக்கிறது, ஆனாலும் குளிர்காலத்தில் மேலே ஆள் நடக்கிற அளவுக்கு உறைந்துபோகுமாம். கரையில் குந்தியிருந்து கையை விட்டுப் பார்த்தேன், விரல் விறைத்துவிட்டது.

சரி, முக்கியமான விசயம். ஏரிக்கு மேலே ஸ்பிட்சே ஷ்டை என்ற மலைமுகடு இப்போதும் நகர்ந்துகொண்டிருக்கிறது, அதற்குக் கீழே சில பாதைகளை மூடி வைத்திருக்கிறார்கள். உங்கள் கட்டுரையில் இது ஒரு சொல்கூட இல்லை. எங்கள் ஊரிலிருந்து பிள்ளைகளிடம் போகிற வயதானவர்கள் உங்கள் பத்திரிகையை வாசித்துவிட்டுத்தான் அங்கே போகிறார்கள், அவர்களுக்காக அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். அன்றைக்கு எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு ஏறச் சொல்லுங்கள், நல்ல பிடிப்புள்ள சப்பாத்தும் மழை அங்கியும் வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
கிளிநொச்சி