கறுப்பு மூக்குக் கிளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் 'நம் தீவின் அரிய எக்கோ கிளி' என்று வெளியான படத்தில் இருப்பது, மொரீஷியஸில் மட்டுமே வாழும் அந்த எக்கோ கிளி அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே கொண்டுவந்து விடப்பட்டு, இன்று லிச்சித் தோட்டங்களைப் பாழாக்கும் செந்தார்ப் பைங்கிளி. மீனாட்சி அம்மன் கையில் இருப்பதும் இதே கிளிதான். அதனால்தானோ என்னவோ, கிளி என்றாலே மூக்கு சிவப்பு என்று நமக்குப் பதிந்துவிட்டது.

படத்திலேயே சாட்சி இருக்கிறது. கழுத்தில் ஆரம் இல்லை, ஆகவே ஆண் இல்லை. மேல் அலகோ நல்ல சிவப்பு. வளர்ந்த எக்கோ பெண்ணுக்கு மேல் அலகும் கறுப்பு. எக்கோ ஆணுக்கு மட்டுமே அது சிவக்கும்.

குஞ்சாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூட்டை விட்டு வரும் எக்கோ குஞ்சின் அலகு செம்மஞ்சளாக இருந்து, சில மாதங்களில்தான் கறுக்கும். அதனால் கோடையில் அலகை மட்டும் நம்பக் கூடாது. வாலைப் பார்க்க வேண்டும். செந்தார்ப் பைங்கிளிக்கு வால் நீண்டு ஊசிபோல் முடியும். எக்கோவுக்கு வால் குட்டை, சற்று அகலம்; இறக்கை முனை உருண்டை; உடம்பு கட்டை; பச்சையும் மஞ்சள் கலக்காத கரும்பச்சை. படத்தில் இருக்கும் வால் உடம்பைவிட நீளம். குஞ்சு என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை.

குரலில் ஏமாற வாய்ப்பு குறைவு. பைங்கிளி 'கீக், கீக்' என்று காது கிழியக் கத்தும். எக்கோவின் குரல் தணிந்தது, கொஞ்சம் கரகரத்தது.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. வெளுத்த வானத்தை நோக்கிக் கீழிருந்து செல்பேசியில் எடுத்தால் சிவப்பு அலகும் கறுப்பாகவே விழும். பைங்கிளி எக்கோ பெண்ணாகிவிடும். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க, பக்கவாட்டில், வால் நுனி வரை தெரியும்படி எடுக்க வேண்டும். ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டிய வண்ண வளையம் காலில் இருந்தால் எந்தக் கால், மேலிருந்து கீழே என்ன வரிசை என்று அங்கேயே குறித்துக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வந்து நினைத்துப் பார்த்தால் இடமும் வலமும் மாறிவிடும்.

இடமும் பேசும். எக்கோவைப் பார்க்க பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா போன்ற, நாட்டு மரங்கள் மிஞ்சிய காட்டுக்குத்தான் போக வேண்டும். ஊருக்குள் தந்திக்கம்பியில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் மற்றதே.

1980களில் காட்டில் ஏறத்தாழ பத்தே எக்கோ கிளிகள் எஞ்சியிருந்தன. கூட்டுக்குக் காவலும், கூடுதல் தீனியும், கூண்டில் வளர்த்து விடுவதுமாக உழைத்த பிறகு, 2019இல் உலகச் சிவப்புப் பட்டியலில் எக்கோ, அபாயம் ஒரு படி குறைந்த 'அழிவாய்ப்பு' (Vulnerable) நிலைக்கு இறக்கப்பட்டது. தோட்டக் கிளியின் படத்தை அதன் பெயரில் போட்டால், லிச்சி விவசாயியின் கோபம் எந்தக் கிளி மேல் திரும்பும்? அடுத்த இதழில் ஒரு திருத்தம் வேண்டும். கூடவே கறுப்பு மூக்குப் பெண் கிளியின் படமும்.

இப்படிக்கு,
பறவை நோக்கும் வாசகர்,
கியூர்பிப்