ரத்தம் ஏற்றும் வார்டிலும் பதின்பருவம்தான்

ஐயா,

உலக தலசீமியா தினத்தையொட்டி (மே 8), அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய இந்தப் பரம்பரை ரத்தநோய் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை ரத்ததானம், இரும்புச்சத்து என எல்லாம் பேசியது. இந்நோயுள்ள பதின்பருவப் பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்பக்கூடும் என்பதை மட்டும் தொடவில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோய்) நோயாளிகளை ஒருவரிடமிருந்து ஒருவர் ஆறடி தள்ளி வைக்கக் கிருமித்தொற்று என்ற காரணமாவது உண்டு. இங்கே பிரிக்கத் துடிப்பது பெற்றோரின் அச்சம் மட்டுமே (எனக்கும் அது உண்டு). ரத்தம் ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றும் மாத்திரையை ஒளித்து வைத்துக்கொண்டிருந்த என் மகள், பக்கத்துப் படுக்கைப் பையன் கேட்பான் என்பதற்காகவே இப்போது ஒழுங்காக விழுங்குகிறாள்.

இருவருக்கும் பீட்டா தலசீமியா மேஜர் (இந்நோயின் கடுமையான வகை) என்றால் பிறக்கும் குழந்தைக்கும் அது வரும். அதை மிரட்டலாக அல்லாமல் மரபணு ஆலோசனையாகச் சொல்ல ஆள் வேண்டும். 2014-இல் தொடங்கப்பட்ட தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின் ஆலோசகர்களை ரத்தம் ஏற்றும் மையங்களுக்கும் மாதம் ஒருமுறை அனுப்பலாம்.

– ஒரு தாய், மதுரை