55 செல்லில் மூன்று

அன்புள்ள முருகேசா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. திட்டிக்கொள். மகளுக்குச் சுகப்பிரசவம் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். தாத்தாவாகிவிட்டாய், இனியாவது மீசைக்குச் சாயம் அடிப்பதை நிறுத்து.

நம்ம சப்ஸ்டேஷன் 110 வோல்ட் பேட்டரியில், 55 செல்லில் மூன்று போய்விட்டது. மற்றவை ஃப்ளோட்டில், அதாவது சார்ஜரோடு சும்மா சேர்ந்து நிற்கும்போது, 2.2 வோல்ட்டுக்கு மேல் நிற்க, இந்த மூன்றும் 2.05-ஐத் தாண்டவே இல்லை. எல்லாச் செல்லையும் சமமாக்கக் கூடுதலாக ஏற்றும் ஈக்வலைசிங் சார்ஜ் போட்டும், அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் மிதவை எழும்பவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஜாடிக்கு அடியில் சேர்ந்த கசடு தகடுகளைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. உள்ளேயே ஷார்ட்.

லோடை இரண்டாவது பேட்டரிக்கு மாற்றி, ஃப்யூஸைப் பிடுங்கி, நடுவில் செல்லோடு செல்லை இணைக்கும் லிங்க் ஒன்றைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். ஆனாலும் சார்ஜரை அணைக்கலாம், செல்லை எங்கே அணைப்பது? புதுப் பையன் மோதிரம் கழலவில்லை என்று நின்றான். சோப்புப் போட்டுக் கழற்றினால்தான் உள்ளே விடுவேன் என்றேன். மேஸ்திரி எனக்குள் புகுந்துவிட்டதாக நீ சிரிப்பாய். லிங்க்கில் நீலப்பச்சை பூத்து, வாசலின் காய்ந்து, நட்டு அசையவில்லை. டேப் சுற்றிய ஸ்பானரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்ப வேண்டியிருந்தது, நழுவினால் பக்கத்து முனையில்தான் போய் விழும். ஜாடியை அடியில் பட்டை போட்டுத் தூக்கினோம். முனையைப் பிடித்து இழுக்கப் போனவனுக்கு நல்ல வசவு.

புதுச் செல்களை முழு சார்ஜ் ஏற்றி, பிளஸ் மைனஸை இரண்டு பேர் பார்த்து, மாட்டியாயிற்று. ரீடிங் எல்லாம் அழகு. ஆபீஸில் ஃபைலை மூடிவிட்டார்கள்.

எனக்குத்தான் மூட மனசில்லை. ஃப்ளோட்டில் எல்லாச் செல்லும் யோக்கியன்தான். லோடு ஏறும்போதுதான் யார் யாரென்று தெரியும். மீதி 52-உம் அதே வயசு, அதே சூடு தின்றவை. தொடர் இணைப்பில் எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே கரண்ட். அதில் முதலில் காலியாகிறவன் வழியாக மற்றவர்கள் கரண்ட்டைத் தள்ளி, அவன் பிளஸ் மைனஸையே மாற்றிவிடுவார்கள். மூன்று புதுசு போட்டதால் அந்த 52-இல் ஒன்றுகூடத் தேறப் போவதில்லை. லைனில் ஃபால்ட் வந்து ஏசி சப்ளையும் போய்விட்டால் சார்ஜர் செத்துக் கிடக்கும். அப்போது பிரேக்கரைத் திறந்துவிடும் ட்ரிப் காயிலுக்கு பேட்டரியை விட்டால் வேறு கதி இல்லை. பிரேக்கர் திறக்காமல் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால், பக்கத்தில் நிற்கிறவன் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை.

10 மணி நேர டிஸ்சார்ஜ் டெஸ்ட் வைத்துப் பார்ப்போம், கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் முழு பேட்டரியையும் மாற்றுவோம் என்கிறேன். "நல்லா இருக்கறதை ஏன் நோண்டறீங்க?" என்று ஆபீஸில் ஒரே பதில்.

அப்புறம், நீ அந்தப் பக்கம் இருந்தபோது எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் உன் டிரங்குப் பெட்டியில் இருக்கத்தான் செய்யும், நீதான் பஸ் டிக்கெட்டைக்கூடக் கிழிக்க மாட்டாயே. மணிக்கு மணி எடுத்த செல் ரீடிங் தாள்களோடு ஒரு நகல் அனுப்பு. மேஸ்திரி கையெழுத்துள்ள தாள் கிடைத்தால் அதை மேலே வை. அந்தக் கையெழுத்துக்கு ஆபீஸில் இன்னும் கொஞ்சம் பயம் இருக்கிறது.

அன்புடன்,
ராசு